கணக்காசிரியருக்கு ஆசிரியர்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, எங்கள் ஊரில் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி நோட்டுப் புத்தகத்துடன் என்னிடம் வந்தாள். ஆறாம் வகுப்பு முடித்தவள். “கல்லூரியில் கணக்குப் படிக்கிற அக்கா” என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பித்தான் வந்தாள். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும் என்பது கணக்கு. நான் உடனே செய்து காட்டினேன். ஒன்றே முக்கால் என்பது நான்கில் ஏழு, அரையைத் தலைகீழாக்கினால் இரண்டு, பெருக்கினால் நான்கில் பதினான்கு, அதாவது மூன்றரை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏனுங்க்கா, அதை எதுக்குத் தலைகீழாப் போடோணும்?” என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு காணத் தெரிந்த எனக்கு, குலக் கோட்பாட்டில் தேர்வெழுதி வெற்றி பெற்ற எனக்கு, ஒரு பின்னத்தை ஏன் கவிழ்க்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. “அது விதி, கண்ணு” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தலையாட்டலை நான் நன்கு அறிவேன். பள்ளியில் பல ஆண்டுகள் நானும் அப்படியே தலையாட்டியிருக்கிறேன்.

அன்று இரவு நான் தூங்கவில்லை என்று சொன்னால் மிகையாகும். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் அவளையே அழைத்தேன். அவர்கள் வீட்டில் கறவை மாடு உண்டு; காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு ஊற்றுபவர்கள். “ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கிறது. அரை லிட்டர் அளவையால் அளந்தால் எத்தனை தடவை வரும்?” என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், “மூணு தடவை முழுசா வரும், அப்பறம் பாதி. மூணரைங்க்கா” என்றாள். இப்போது தயங்கியவள் நான்தான். மூன்று முறை அளந்த பின் மீதியிருப்பது கால் லிட்டர். அப்படியானால் விடை மூன்றேகால் அல்லவா ஆக வேண்டும்? மீதியை லிட்டரால் எண்ணக்கூடாது, அளவையால் எண்ண வேண்டும்; கால் லிட்டர் என்பது அந்த அளவையில் பாதி. இது அவளுக்குக் கையிலேயே இருந்தது. எனக்கு அதை அவளிடமிருந்து கற்க வேண்டியிருந்தது. ஒரு லிட்டரில் அரை லிட்டர் இரண்டு இருக்கிறது. ஆகவே எத்தனை லிட்டரோ அதன் இரு மடங்கு அளவைகள். தலைகீழாக்கிப் பெருக்குவதன் பொருள் இவ்வளவுதான்!

இந்தச் சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து. கணக்குத் தெரிவது ஒன்று, கணக்கைக் கற்பிக்கத் தெரிவது மற்றொன்று என்பதை அன்று உணர்ந்தேன். பின்னர் மூன்றாவதாக ஒன்றும் உண்டு என்று அறிந்தேன். அது, கற்பிப்பவர்களுக்குத் துணை நிற்கத் தெரிவது. நம் மாநிலத்தில் கணக்காசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளர்களையும் ஆசிரியர் பயிற்றுநர்களையும் எவ்வாறு உருவாக்குவது என்பதே இங்கு நாம் ஆராயப்போகும் பொருள்.

மூன்று அறிவுகள்

அமெரிக்கக் கல்வியறிஞர் லீ ஷுல்மன் 1986-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். பாடப்பொருளை அறிந்திருப்பதும், பொதுவாகக் கற்பிக்கும் முறைகளை அறிந்திருப்பதும் போதா. இவ்விரண்டுக்கும் நடுவே, ‘இந்தப் பாடத்தை இந்தக் குழந்தைக்கு எப்படி விளங்கவைப்பது’ என்ற தனியொரு அறிவு இருக்கிறது என்றார் அவர். எந்த உதாரணம் பொருந்தும், குழந்தை எங்கே வழி தவறும், அந்தத் தவற்றுக்குப் பின்னால் என்ன எண்ணம் இருக்கிறது என்பனவெல்லாம் அதில் அடங்கும்.

இதற்கு மறக்கவொண்ணாத சான்று 1999-இல் வெளிவந்த லிப்பிங் மா என்ற ஆராய்ச்சியாளரின் நூலில் கிடைக்கிறது. அவர் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் தொடக்கப்பள்ளிக் கணக்குகள் சிலவற்றைக் கேட்டார். அவற்றுள் ஒன்று, வியப்பாக, அந்தச் சிறுமி என்னிடம் கொண்டுவந்த கணக்கேதான்: ஒன்றே முக்கால் வகுத்தல் அரை. சீன ஆசிரியர் 72 பேரும் சரியாகச் செய்தனர். அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேரே முழுமையாகச் சரியான விடை தந்தனர். ‘இந்த வகுத்தலுக்குப் பொருத்தமாக ஒரு கதைக்கணக்குச் சொல்லுங்கள்’ என்றபோது, சீனர்களில் 65 பேர் சொன்னார்கள்; அமெரிக்கர்களில் ஒருவர் சொன்னதே கருத்தளவில் சரியாக இருந்தது. இத்தனைக்கும் அமெரிக்க ஆசிரியர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். சீன ஆசிரியர்களோ ஒன்பதாம் வகுப்புக்குப் பின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டுகள் படித்தவர்கள். எனவே இதைப் பட்டத்தின் குறை என்று சொல்ல இயலாது. சீன ஆசிரியர்கள் பணியில் சேர்ந்த பிறகும் ஒரே அறையில் கூடியமர்ந்து பாடநூலை வரிவரியாகப் படித்து விவாதிக்கும் வழக்கமுடையவர்கள் என்பதை அந்நூல் காட்டுகிறது. ஆசிரியர் ஆன பின்னும் அவர்கள் கணக்கைக் கற்றுக்கொண்டே இருந்தார்கள்.

அப்படியானால் நம் ஆசிரியர்கள் பணியில் சேர்ந்த பிறகு யாரிடம், எங்கே, எப்படிக் கற்கிறார்கள்?

சட்டாம்பிள்ளை முறை

நம் நாட்டில் இதற்கென அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. நம் பகுதியில் உடுமலைக்கு அருகே திருமூர்த்தி நகரிலும், ஈரோட்டுப் பக்கம் பெருந்துறையிலும் அவை இருக்கின்றன. பின்னர் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் வட்டார வள மையங்களையும் அவற்றின் கீழே குறுவள மையங்களையும் ஏற்படுத்தியது. அவ்வியக்கம் 2018-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இணைந்தது. வட்டார வள மையத்தில் பணிபுரியும் ஆசிரியர் பயிற்றுநர்களும், பள்ளி ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் கருத்தாளர்களுமே நான் குறிப்பிடும் ‘ஆசிரியருக்கு ஆசிரியர்’கள்.

புதிய திட்டம் எது வந்தாலும் பயிற்சி மாநில அளவில் தொடங்குகிறது. அங்கே கற்றவர்கள் மாவட்டத்தில் கற்பிக்கிறார்கள். மாவட்டத்தில் கற்றவர்கள் வட்டாரத்தில் கற்பிக்கிறார்கள். வட்டாரத்தில் கேட்டவர்கள் வகுப்பறைக்குப் போகிறார்கள். 2022 ஜூன் 13 அன்று தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பயிற்சி இவ்வாறே இறங்கி வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற நல்ல நோக்குடையது அத்திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவர்கள் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொல்வது. முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, மறு ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

இந்த அடுக்குமுறைப் பயிற்சியை நினைக்கும்போது எனக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் நினைவுக்கு வருகிறது. தலைமடையில் தண்ணீர் நிறையத்தான் திறக்கிறார்கள். கடைமடைக் காட்டுக்காரரைக் கேட்டால்தான் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று தெரியும். கணக்கு மாணவி என்ற முறையில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வோர் அடுக்கிலும் கேட்டதில் பத்தில் எட்டுப் பங்கு பழுதின்றி அடுத்தவரைச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமான மதிப்பீடு. நான்கு அடுக்கு கடந்தால் 0.8-இன் நான்காம் அடுக்கு, அதாவது நூற்றுக்கு 41 பங்குதான் மிஞ்சும். பத்தில் ஏழு என்று கொண்டால் 24 பங்கு. நான்கு அடுக்கிலும் ஒருவரும் சோம்பியிருக்கவில்லை. ஆயினும் முக்கால் பங்கு வழியிலேயே போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதை விளக்கச் சென்னை எழும்பூருக்குச் செல்ல வேண்டும். 1789-ஆம் ஆண்டில் அங்கே படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தம் பள்ளியில் அமைத்தார். திண்ணைப் பள்ளியில் அத்தகையவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1797-இல் பெல் இதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. செலவு குறைவு, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்க்குக் கற்பிக்கலாம். ஆனால் நாளடைவில் அதன் குறை தெரிந்தது. சட்டாம்பிள்ளை தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொல்ல முடியும். ‘ஏன்?’ என்று ஒரு சிறுவன் கேட்டால் அவனிடம் விடை இராது. 1846-இல் இங்கிலாந்து அரசு வேறு பயிற்சி முறையை நாடியது.

அடுக்குமுறைப் பயிற்சியின் உள்ளார்ந்த ஆபத்தும் இதுவேதான். அது நல்ல ஆசிரியர்களைப் பிடித்துச் சட்டாம்பிள்ளைகளாக்கிவிடுகிறது. சொற்கள் கீழே இறங்கிவிடுகின்றன. ‘ஏன்’ மட்டும் இறங்குவதில்லை.

இதை நானாகச் சொல்லவில்லை. எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவர் இப்போது அவ்வப்போது கருத்தாளராகச் செல்கிறார். அவரைச் சந்தித்து அந்தப் பின்னக் கணக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “எனக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப வருஷம் இருந்துச்சு, கண்ணு” என்றார். “மூணு நாள் பயிற்சிக்குப் போனேன். நாலாம் நாள் நானே நாற்பது பேருக்குச் சொல்லோணும். கொடுத்த தாளை வாசிச்சேன். எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. யாருமே ஒரு கேள்வி கேக்கலை. எனக்கு அப்ப நிம்மதியா இருந்துச்சு. வீட்டுக்கு வந்த பிறகுதான் வெக்கமா இருந்துச்சு” என்றார். அடுத்த கூட்டத்தில் அவர் தாளை மூடி வைத்துவிட்டு, “பின்னத்தை ஏன் கவுக்கறோம்னு எனக்கு இருபது வருஷமாத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?” என்று தொடங்கினாராம். ஐந்து நிமிடம் மௌனம். பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர், “எனக்கும் தெரியாதுங்க” என்றாராம். அன்று மதிய உணவுக்கு மணியடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லையாம்.

நாற்பது ஆசிரியர்கள் கூடிய அறையில் ‘எனக்குத் தெரியாது’ என்று ஒருவர் சொல்லும் துணிவு பிறந்தால்தான் பயிற்சி தொடங்குகிறது. அத்துணிவைப் பிறப்பிக்கத் தெரிந்தவரே ஆசிரியருக்கு ஆசிரியர். அந்தத் திறமை தானே வராது. அதையும் பயிற்றுவிக்க வேண்டும்.

வழி காட்டியவர்கள்

நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்காசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் (1924-2005) அவர்களை முதலில் சொல்ல வேண்டும். கணித மேதை இராமானுஜனின் கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968-இல் வெளியிட்டவர் அவர். காகித மடிப்பு, கட்டங்கள், நாட்காட்டி எனக் கையில் கிடைத்ததைக் கொண்டு குழந்தைகளையும் ஆசிரியர்களையும் ஒருசேர உட்காரவைத்துக் கணக்குச் செய்யவைத்தவர். 1965-இல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்துடனும் நெருங்கிய தொடர்புடையவர். அவருக்கு எந்த அதிகாரப் பதவியும் தேவைப்படவில்லை. வகுப்பறையை விட்டு விலகாத ஓர் ஆசிரியர் மற்ற ஆசிரியர்களுக்குத் தலைவராக முடியும் என்பதற்கு அவரே சான்று.

மற்றொன்று செயல்வழிக் கற்றல். ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கல்வி மையத்தில் கிராமப் பள்ளிகளுக்கென உருவான அட்டைவழிக் கற்றலைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே சென்று அந்தப் பள்ளிகளைக் கண்டனர். திரும்பி வந்து நம் பாடத்திட்டத்துக்கேற்ற அட்டைகளைத் தாமே உருவாக்கினர். ஒரு கணக்கு அட்டையைத் தயாரிக்கும் ஆசிரியர், ‘இதற்கு முன் குழந்தைக்கு எது தெரிந்திருக்க வேண்டும்? இதற்குப் பின் எது வர வேண்டும்?’ என்று சிந்தித்தே ஆக வேண்டும். அச்சிந்தனையே அவருக்குப் பயிற்சி. 2007-08-இல் இம்முறை மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது, மற்ற ஆசிரியர்களுக்கு அச்சிட்ட அட்டைகள் வந்து சேர்ந்தன. முதல் அணியினர் சிந்தித்துப் பெற்றதை ஏனையோர் கட்டாகப் பெற்றனர். அட்டை ஒன்றே, ஆனால் அதைச் செய்தவர் கற்றதும் வாங்கியவர் கற்றதும் ஒன்றாக இருக்க முடியுமா?

மூன்றாவது எடுத்துக்காட்டு ஜப்பானிலிருந்து. அங்கே ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதை நடத்துகிறார். மற்றவர்கள் வகுப்பில் நின்று குழந்தைகள் என்ன எழுதுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் கூடிப் பேசுகிறார்கள். பேசுவது ஆசிரியரின் குறைகளை அல்ல, குழந்தைகளின் சிந்தனையை. இறுதியில் அனுபவமிக்க ஒருவர் கருத்துரை வழங்குகிறார். அந்த ஒருவரின் பொறுப்புத்தான் நம் பயிற்றுநரின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

எப்படி அமைக்கலாம்?

2001-இல் மைக்கேல் கேரெட் முதலியோர் அமெரிக்காவில் 1,027 கணித, அறிவியல் ஆசிரியர்களிடம் ஆய்வு செய்து, பயன் தரும் பயிற்சியின் இயல்புகளை வரையறுத்தனர். பாடப்பொருளில் ஊன்றியிருத்தல், கேட்பதோடு நில்லாமல் செய்து கற்றல், அன்றாட வகுப்புப் பணியோடு பொருந்தியிருத்தல், போதிய காலம் நீடித்தல், ஒரே பள்ளி அல்லது ஒரே வகுப்பு ஆசிரியர்கள் சேர்ந்து பங்கேற்றல் ஆகியனவே அவை. இவற்றை நம் மண்ணுக்குப் பொருத்திப் பயிற்றுநர்களுக்கான பயிற்சியை எப்படி அமைக்கலாம் என்று என் சிற்றறிவுக்கு எட்டியதைக் கூறுகிறேன்.

முதலாவது, பயிற்றுநர்கள் தாங்களே கணக்குச் செய்ய வேண்டும். உரை கேட்பதோடு நிற்கக்கூடாது. நூல் நம்பரை எடுத்துக்கொள்வோம். என் தந்தையார் தறி ஓட்டுபவர். இருபதாம் நம்பர் நூலைவிட நாற்பதாம் நம்பர் நூல் மெல்லியது என்பது சோமனூர், பல்லடம் பக்கத்துக் குழந்தைகளுக்குத் தெரியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே நூலின் நம்பர். இருபதாம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 16,800 கெஜம்; நாற்பதாம் நம்பரில் 33,600 கெஜம். எண் கூடக் கூட நூல் மெலிகிறது. இதே குழந்தை வகுப்பில், ‘எட்டில் ஒன்று, நான்கில் ஒன்றைவிடப் பெரியது, ஏனெனில் எட்டு பெரியது’ என்று எழுதுகிறது. வீட்டில் இருக்கும் அறிவு பள்ளி வாசலில் ஏன் நின்றுவிடுகிறது? இந்தக் கேள்வியோடு பயிற்றுநர்கள் ஒரு முழுக் காலைப் பொழுது செலவிடட்டும். தங்கள் வட்டாரத்து மஞ்சள் மண்டியிலும் தேங்காய்க் களத்திலும் இத்தகைய கணக்குகள் என்ன இருக்கின்றன என்று தேடட்டும்.

இரண்டாவது, குழந்தையின் பிழையைப் படிக்கக் கற்க வேண்டும். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று ஒரு குழந்தை எழுதியிருக்கிறது. ‘தவறு’ என்று சிவப்பு மையால் கோடிடுவது எளிது. ஆனால் அது கவனக்குறைவன்று. 5-இலிருந்து 2 போக 3. 7-இலிருந்து 2 போக 5. எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அக்குழந்தை ஒரு விதி வைத்திருக்கிறது. அதே குழந்தை 63-இலிருந்து 38-ஐக் கழித்தால் என்ன எழுதும் என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: 35. பயிற்சிக் கூட்டம் ஒவ்வொன்றும் அச்சிட்ட தாளோடு தொடங்காமல், பங்கேற்போர் தத்தம் வகுப்பிலிருந்து கொண்டுவந்த ஐந்து நோட்டுகளோடு தொடங்கட்டும்.

மூன்றாவது, கேட்கக் கற்க வேண்டும். ஓர் ஆசிரியர் தவறான விளக்கம் ஒன்றைச் சொன்னால் அவர் முகம் வாடாமல் அதை எப்படி எடுத்துப் பேசுவது? ‘இது தவறு’ என்பதற்குப் பதில், ‘இந்த விளக்கத்தைக் கேட்டால் உங்கள் வகுப்புக் குழந்தை என்ன கேட்கும்?’ என்று வினவலாம். இதை வாயால் சொன்னால் வராது. பயிற்றுநர்கள் இருவர் இருவராக நடித்துப் பழக வேண்டும். மற்றவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது, வகுப்பறையில் அமரக் கற்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் வெளியாள் ஒருவர் பின் பெஞ்சில் உட்கார்ந்தால் அதற்கு ‘ஆய்வு’ என்றே பொருள். ஆசிரியர் அன்று தமக்கு நன்றாக வரும் பாடத்தையே நடத்துவார். பயிற்றுநர் முதலில் தாமே அந்த வகுப்பில் ஒரு பாடம் நடத்த வேண்டும். அதுவும் தமக்குக் கடினமானதை. தவறு நேர்ந்தால் நேரட்டும். அதற்குப் பிறகே ஆசிரியரின் வகுப்பில் அமரும் உரிமை அவருக்கு வருகிறது. அவர் கையில் இருக்கும் குறிப்பேடு மேலிடத்துக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும்.

ஐந்தாவது, இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். ஐந்து நாள் தொடர்ந்து நடத்தும் முகாமைவிட மாதம் ஒரு நாள் வீதம் ஐந்து மாதம் நடத்துவது மேல். கற்ற ஒன்றைப் பள்ளியில் செய்து பார்த்து, அது பலித்ததையும் பலிக்காததையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர அப்போதுதான் இயலும். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஐம்பது மணி நேரம் என்பது ஏறக்குறைய எட்டு நாள். அந்த எட்டு நாளும் ஒரே வாரத்தில் கொட்டப்படுகிறதா, ஆண்டு முழுவதும் சொட்டுநீராகப் பாய்கிறதா என்பதில்தான் பயன் இருக்கிறது.

நேரம் என்னும் மூலதனம்

இவையெல்லாம் நடக்கப் பயிற்றுநருக்கு நேரம் வேண்டும். மீண்டும் ஒரு கணக்கு. ஒருவர் பொறுப்பில் 20 பள்ளிகள் என்று கொள்வோம். ஆண்டில் 40 வாரங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பறைக்கு என ஒதுக்கினால் 80 நாள். ஒரு பள்ளிக்கு நான்கு முறை செல்லலாம். நான்கு முறை என்பது நட்பு உண்டாகப் போதும். அந்த இரண்டு நாளில் ஒன்றைப் புள்ளிவிவரம் சேகரிப்பதும் படிவம் நிரப்புவதும் கூட்டங்களும் எடுத்துக்கொண்டால் இரண்டு முறைதான். முதல் முறை அறிமுகம், இரண்டாம் முறை விடைபெறுதல்! ஆகவே பயிற்றுநரின் பயிற்சியைத் திட்டமிடுவோர் அவரது வார நாட்களையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அந்த இரண்டு நாளைக் காப்பாற்றிக் கொடுப்பது பயிற்சி கொடுப்பதற்கு ஈடான பணி.

‘தமிழ்நாடு முழுவதும் உள்ள ஆசிரியர்களுக்கு இப்படி ஆற அமரப் பயிற்சி கொடுக்க முடியுமா? அடுக்குமுறை இல்லாமல் எப்படி?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடுக்குமுறையை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. புதிய பாடநூலில் என்ன மாறியது, தேர்வு எப்போது, கருவிகள் என்ன வருகின்றன போன்ற செய்திகளுக்கு அது பொருத்தமானதே. செய்தி வாய்க்காலில் ஓடும், தொழில் ஓடாது. தறியில் அறுந்த இழையை முடிச்சிட என் தந்தையாருக்கு ஒருவரும் முகாம் நடத்தவில்லை. தறியருகே ஒருவர் நின்று, அவர் கையைப் பிடித்துக் காட்டினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியோர் சும்மாவா சொன்னார்கள்?

பயிற்சி வென்றதா என்று அளப்பதற்கும் அளவுகோல் மாற வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள் என்பது வருகைப் பதிவேடு. மூன்று மாதம் கழித்து அந்த ஆசிரியர்களின் வகுப்பு நோட்டுகளைத் திறந்து, 52-இலிருந்து 27 போக 35 என்று எழுதிய குழந்தை இப்போது என்ன எழுதுகிறது என்று பார்ப்பதே உண்மையான அளவு.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே! இது பள்ளிக்கூடத்து விவகாரம், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் கணிதத் துறையில் படிக்கும் பலர் பி.எட். முடித்து ஆசிரியராகப் போகிறவர்கள். என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வகுப்பில் முதல் ஆண்டு எல்லை, தொடர்ச்சி என்ற பாடங்கள் நடந்தபோது எனக்குப் பல இடங்கள் புரியவில்லை. கேட்கவில்லை. கேட்டால், ‘இவளுக்கு இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம். பயிற்சி முகாமில் பின் வரிசையில் மௌனமாக அமர்ந்திருந்த அந்த மூத்த ஆசிரியரின் அச்சமும் இதுவேதான். தலையாட்டிச் சென்ற அந்தச் சிறுமியின் அச்சமும் இதுவேதான். ஆறாம் வகுப்பில் கேட்கப்படாத கேள்வி கல்லூரிக்கு வந்து, அங்கும் கேட்கப்படாமல், பட்டம் பெற்று, ஆசிரியராகி, மீண்டும் ஆறாம் வகுப்புக்கே திரும்பிப் போகிறது. இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். மாதத்தில் ஒரு மாலை, அருகிலுள்ள பள்ளிகளின் கணக்காசிரியர்கள் சிலரை நம் துறைக்கு அழைப்போம். அவர்கள் குழந்தைகளின் நோட்டுகளைக் கொண்டுவரட்டும். நாம் நம் பாடத்திலிருந்து அறிந்ததைக் கொண்டுவருவோம். வகுத்தி பின்னமாக இருந்தால் ஏன் தலைகீழாகிறது என்பதற்கு நேர்மாறு உறுப்பு என்று நம் இயற்கணிதத்தில் பெயர் இருக்கிறது. அவர்களிடம் பால் அளவை இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் இதுவரை சந்தித்ததில்லை. செலவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு கரும்பலகையும் தேநீரும் போதும்.

அந்தச் சிறுமி இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் வந்து, “அக்கா, முக்காலால வகுத்தா ஏன் மூணுல நாலால பெருக்கறோம்?” என்று கேட்டாள். இம்முறை நான் ‘விதி’ என்று சொல்லவில்லை. “தெரியலையே, கண்ணு. வா, ரெண்டு பேரும் அளந்து பாக்கலாம்” என்றேன். ஒரு லிட்டரில் முக்கால் லிட்டர் அளவை ஒரு முறை முழுதாக வந்தது. மீதி கால் லிட்டர், அந்த அளவையில் மூன்றில் ஒன்று. ஆக ஒன்றும் மூன்றில் ஒன்றும், அதாவது மூன்றில் நான்கு. கண்டுபிடித்தவள் அவள்தான்.